வெந்நீர்க் கிணறும் பத்தொன்பது படியும்

பிளாஸ்டிக் கதிரையில் வைத்து நான்கு ஆண்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போன நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். ஈரத்துணி உடம்போடு ஒட்டியிருந்தது. தூக்கியவர்களில் ஒருவனுடைய அக்குள் என் முகத்துக்கு நேரே வந்து வந்து போனது. சுற்றி நின்றவர்கள் "பாவம், பாவம்" என்றார்கள். அந்தச் சொல்லை யாராவது ஒரு வருடத்துக்குத் தடை செய்வதாகச் சொன்னால், எந்தக் கட்சி என்றும் பார்க்காமல் அவருக்கு வாக்குப் போடுவேன்.

அந்த நாளுக்குப் போவதற்கு முதல் என் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு நாற்பத்தெட்டு வயது. திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு அரசாங்கக் கந்தோரில் கட்டடப் படம் வரைகிற வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே மேசை. மேல்மாடியில் யன்னலோரம் இருக்கிறது. கண்ணை நிமிர்த்தினால் உள்துறைமுகம், நிற்கிற கப்பல், அதைச் சுற்றித் திரிகிற காகம் எல்லாம் தெரியும். அந்த மேசைக்குப் போகப் பத்தொன்பது படி ஏற வேண்டும். லிஃப்ட் கிடையாது. முன்பு அந்தப் படிகளை எண்ணியதே இல்லை. யார்தான் எண்ணுவார்கள்?

மூன்று வருடத்துக்கு முதல் வலது கால் இழுபடத் தொடங்கியது. ஒருநாள் காலை கந்தோர் வாசலுக்கு வந்த பிறகுதான் வலது காலில் செருப்பு இல்லை என்று கண்டேன். எங்கே கழன்றது என்று தெரியவில்லை. கழன்றதும் தெரியவில்லை. பிறகு ஒரு கண் புகை மண்டியது. கொழும்புக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்து மல்டிபிள் ஸ்க்ளரோசிஸ் என்றார்கள். நரம்பின் மேலிருக்கிற உறையை நம்முடைய உடம்பே அரித்துவிடுகிற வருத்தம். எலி கடித்த வயர் மாதிரி, சில வேளை கரண்ட் பாயும், சில வேளை பாயாது. அடியோடு மாறாது, ஆனால் மருந்து உண்டு என்றார் டொக்டர். ஊசி போட்டார்கள், கண் தெளிந்தது, கால் பாதி தெளிந்தது. பாதிக் கால் போதும் என்றுதான் நான் நினைத்தேன்.

போதாது என்று முடிவெடுத்தவர் என் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அத்தான் செத்தபிறகு என்னோடு வந்து இருக்கிறார். நான் கல்யாணம் கட்டவில்லை. ஆகவே அந்த வீட்டில் பார்க்க வேண்டிய ஆள் என்று அக்காவுக்கு நான் ஒருத்திதான். பார்த்தார், ஐயோ, என்ன பார்வை. தண்ணீர் குடிக்க எழும்பினால், "நீ இரு பிள்ளை, நான் எடுக்கிறன்." உடுப்பு மடித்தால், "வை அதை." குசினிக்குள் காலை வைத்தால் கத்தியையும் அடுப்பையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டு குறுக்கே நிற்பார். கடைசியில் ரீ கோப்பையைக்கூட என் வாயருகே பிடிக்கத் தொடங்கினார். கைக்கு ஒன்றுமில்லை, கால்தான் என்று சொன்னேன். "எல்லாம் ஒரே நரம்புதானே" என்றார்.

மாதா கோயில் பெண்கள் வருவார்கள். பூசை முடிந்து நேரே வந்து என் கட்டிலைச் சுற்றி இருந்துகொண்டு என் காலைப் பார்த்தபடி கதைப்பார்கள். இதே வருத்தம் வந்து செத்துப்போன, ஆனால் இதே வருத்தம் இல்லாத ஆட்களின் கதைகள். ஒவ்வொருவரும் ஒரு எண்ணெய் கொண்டு வருவார்கள். வெள்ளுள்ளி போட்டது, வேப்பெண்ணெய், ஏதோ மிருகக் கொழுப்பு. அக்கா எல்லாவற்றையும் மாறி மாறித் தேய்த்தார். படுக்கை விரிப்பு, தலையணை, என் தலைமயிர், நான் தொட்ட புத்தகம், எல்லாம் மணத்தன. இரவில் என்னுடைய மணத்துக்கே நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறேன். திரும்பினாலும் அதே மணம்.

இப்படி லீவு மேல் லீவு போட்டுப் பதினொரு மாதம் கிடந்தேன். ஒருநாள் குளிக்கும்போது குனிந்து பார்த்தேன். வலது கால் மெலிந்திருந்தது. அதில் ஆச்சரியமில்லை. இடது காலும் மெலிந்திருந்தது. நல்ல கால் அது. அதற்கு ஒரு வருத்தமும் இல்லை. வேலை இல்லாமல் அதுவும் மற்றதைப் பார்த்துப் பழகிவிட்டது. அன்றைக்கு வந்த அருவருப்பு எண்ணெய் மீதோ அக்கா மீதோ இல்லை. என் மீதுதான். வசதியாக இருந்தது என்று கிடந்திருக்கிறேன்.

அந்த வாரமே கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பெரியவர் என்று நாங்கள் சொல்கிற மேலதிகாரி புதிதாக வந்தவர். நல்ல தமிழில் எழுதியிருந்தார். லீவு முடிகிற திங்கட்கிழமை நான் வர வேண்டும். யாருடைய உதவியும் இல்லாமல் என் மேசைக்கு ஏறிப் போக வேண்டும். ஏலாவிட்டால் வருத்தத்தின் பேரில் ஓய்வு கொடுக்க ஆவன செய்யப்படும். கீழே இடம் இல்லை, கீழ் அறை முழுக்கப் பழைய கோவைக் கட்டுகள். கடைசி வரியில், "தங்கள் நலனில் மிகுந்த அக்கறையுடன்" என்று இருந்தது. நலனாம். கடிதத்தைக் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், இருந்தது.

அக்காவுக்குக் கடிதம் பிடித்துப்போனது. "நல்லதுதானே. வீட்டிலை இரு. நான் பாக்கிறன்" என்றார்.

நான் ஒரு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பிசியோதெரபி மிஸ் ஒருவர் இருக்கிறார். தோப்பூரிலிருந்து ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வருகிற இளம்பெண். முன்பு ஒருமுறை என்னை உடற்பயிற்சிக்கு வரச் சொன்னவர். நடக்க ஏலாத ஆளை ஓடச் சொல்கிறார் என்று நினைத்து நான் போகாமல் விட்டவள். இந்த முறை கடிதத்தைக் காட்டினேன். அவர் என் காலை அமத்திப் பார்த்தார், கதிரையிலிருந்து எழும்பச் சொன்னார். கையை ஊன்றாமல் மூன்று முறைதான் எழும்ப முடிந்தது. நாலாவது தடவை பின்பக்கம் பொத்தென்று விழுந்தேன்.

"நரம்பு பழுதுதான் அன்ரி. அதை நான் மாத்த ஏலாது" என்றார். "ஆனா தசையை ஆர் பழுதாக்கினது? கட்டில்தான். தசை படுத்துக் கிடந்து வளராது."

"ஆறு கிழமையிலை பத்தொன்பது படி ஏறுவனா?"

"அதை நான் சொல்ல ஏலாது. கதிரை சொல்லும். ஒவ்வொரு நாளும் எழும்பிப் பாருங்கோ."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பாவம் என்று சொல்லாத முதல் ஆள்.

சொல்லித் தந்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கதிரையிலிருந்து எழும்பி இருப்பது, மூன்று தரம், இளைப்பாறி மறுபடி மூன்று தரம், ஏலும்போது ஒன்று கூட்டுவது. குசினியில் தண்ணீர்த் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்துவது. சுவர் மூலைக்குள் முதுகைக் கொடுத்து இரண்டு காலையும் ஒட்டி நிற்பது. விழுந்தாலும் சுவர் பிடிக்கும். பின்வாசல் படியில் ஏறி இறங்குவது. ஏறும்போது நல்ல கால் முதல், இறங்கும்போது வருத்தக் கால் முதல். ஒருநாள் விட்டு ஒருநாள் தசைக்கு, இடையில் வருகிற நாளில் நடை. மூச்சு எந்த அளவுக்கு வாங்க வேண்டும் என்று கேட்டேன். கதைக்க ஏலும், பாட ஏலாது என்கிற அளவுக்கு என்றார். நான் சும்மா இருக்கும்போதும் பாடுவதில்லை என்று சொன்னேன்.

ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொன்னார். "சூடு கூடாது அன்ரி. உங்கட வருத்தத்துக்கு உடம்பு சூடேறினா நரம்பாலை செய்தி போகாது. கண் மங்கும், கால் விட்டிடும். பயப்பிடாதேங்கோ, அது புதுசா வாற பழுது இல்லை. ஆறினாச் சரியாகும். விடியக் காலமை செய்யுங்கோ, ஃபானைப் போடுங்கோ, கழுத்திலை ஈரத்துவாய் போடுங்கோ."

அவர் சொன்னதை வீட்டில் வந்து அக்காவுக்குச் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அந்த மிஸ்ஸின் படிப்பு, தோப்பூர் பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் எரிந்து போயின. "குளிர்தான் நரம்பை விறைக்கப் பண்ணும். சூடு இளக்கும். இது ஆருக்கும் தெரியும்" என்றார். ஈரத்துவாயை என் கழுத்திலிருந்து இழுத்தெடுத்தார். நான் திரும்பப் போட்டேன். பிறகு குசினிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பயிற்சி. வெளியே நின்று அக்கா செபம் சொல்லுவார். உள்ளே நான் எண்ணுவேன். சில வேளை அவருடைய அருள்நிறை மந்திரமும் என்னுடைய எட்டும் ஒன்பதும் கலந்து எனக்குக் கணக்குப் பிழைக்கும்.

நடைக்கு உள்துறைமுக வீதி. விடியக் காலமை போனால் காற்றுக் குளிராக இருக்கும் என்று போனேன். குளிராகத்தான் இருந்தது. ஆனால் கைத்தடி ஊன்றி மெதுவாகப் போகிறவளுக்குத்தான் இந்த ஊரின் தரை தெரியும். மற்றவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். எனக்குக் கால் எங்கே வைக்கிறேன் என்று பார்க்காமல் ஏலாது. ஆகவே நான் பார்த்தது எல்லாம் வெற்றிலைத் துப்பல், நாய்ப் பீ, நசுங்கிய யோகட் கோப்பை, மீன் கழுவி ஊற்றிய தண்ணீர் காய்ந்த செதில். ஊர் மான்கள் வரும். வெளியூரார் படமெடுக்கிற அதே மான்கள். அவை குப்பைப் பையைக் கிழித்து நேற்றைய சோற்றைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து மென்றுகொண்டு, என்னைப் பார்த்தபடியே பீச்சும். முதல் கிழமை ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை போனேன். வேகநடைக்கு வருகிற கனவான் ஒருவர் என்னைக் கடக்கும்போதெல்லாம் "வெரி குட், வெரி குட்" என்பார், நாய்க்குட்டிக்குச் சொல்கிற மாதிரி. பிறகு தொண்டையைச் செருமி நான் கால் வைக்கப்போகிற இடத்திலேயே துப்புவார்.

ஆனாலும் கூடியது. அதை மறைக்க மாட்டேன். மூன்றாம் கிழமை ஆறு தரம் எழும்பினேன். ஐந்தாம் கிழமை பத்து. மின்கம்பம் ஒன்று, மூன்று, ஐந்து என்று போனது. பின்வாசல் படியை ஒரேயடியாகப் பத்தொன்பது தரம் ஏறி இறங்கிய நாளில் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இடையில் ஒருநாள் கரண்ட் நின்று ஃபான் நின்றது. நான் நிறுத்தாமல் செய்தேன். கண் மங்கி, கால் துணியாகிவிட்டது. தரையில் இருந்து ஈரத்துவாயைப் பிழிந்து தலையில் போட்டு ஆறின பிறகு, மிஸ் சொன்ன மாதிரியே எல்லாம் திரும்ப வந்தது. அக்காவுக்குச் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆறாம் கிழமை முடிகிற வெள்ளிக்கிழமை அக்கா சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் இருந்தார். நான் கேட்ட பிறகு சொன்னார். ஒரு மாதமாக மீன் சாப்பிடுவதில்லையாம், நேர்த்திக்கடனாம். நாளைக்குக் கன்னியாவுக்குப் போக ஓட்டோ பேசியாயிற்றாம்.

கன்னியா என்றால் ஊருக்கு வெளியே இருக்கிற வெந்நீர்க் கிணறுகள். ஏழு சின்னக் கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. குளிக்கிறவர்கள் வாளியால் அள்ளி ஏழிலும் மாறி மாறி வார்ப்பார்கள். எங்கள் ஊரில் இடுப்பில் நாரிப்பிடிப்பா, கன்னியா. முழங்கால் நோவா, கன்னியா. செத்தவீட்டுக் கடமைக்கும் அங்கேதான் போவார்கள்.

"நாங்கள் வேதக்காரர், அங்கை என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"தண்ணிக்கு என்ன சமயம்?" என்றார் அக்கா. "திங்கட்கிழமை நீ அந்தப் படியிலை விழுந்து சாகப் போறாய். அதுக்கு முதல் ஒருக்கா, எனக்காக."

"மிஸ் சூடு கூடாதெண்டவ."

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

அழத் தொடங்கிவிட்டார். நான் ஓம் என்றேன். அக்காவின் அழுகைக்காக என்று இதுவரை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். முழு உண்மை அதுவல்ல. எனக்கும் ஆசை இருந்தது. ஆறு கிழமை கதிரையில் எழும்பி எழும்பி இருந்தவளுக்கு, ஏழு வாளித் தண்ணீரில் வேலை முடியுமென்றால் கசக்குமா? அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அருவருப்பில் என் வாயில் துப்பல் ஊறுகிறது.

சனிக்கிழமை காலை பத்து மணி வெயிலில் நான் அங்கே மார்புக்கு மேல் கட்டிய துணியோடு நின்றேன். சனம் நிறைய. ஈரச் சீமெந்துத் தரையில் சவர்க்கார நுரை, தலைமயிர்ச் சுருள், ஷாம்பூ பைக்கற். ஒரு பிள்ளை ஒரு வாளிக்குள் இருந்தது. பக்கத்தில் யாரோ செத்தவீட்டுக் கடமை முடித்து, மொட்டையடித்த தலைகளோடு ஒரு குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. அக்கா முதல் வாளியை வார்த்தார். இதமாகத்தான் இருந்தது. இரண்டாவதும். நாலாவது கிணற்றில் நெஞ்சு அடைத்தது. "காணும் அக்கா" என்றேன். "ஏழும் வார்க்க வேணும், இடையிலை விடக்கூடாது" என்றார். ஐந்தாவது வாளியில் மொட்டைத் தலைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வெள்ளையாகின. ஆறாவதில் எனக்குக் கால் இருக்கிறதா என்று தெரியவில்லை. கீழே பார்த்தேன், இருந்தது. ஆனால் யாருடையதோ.

விழுந்தேன். விழுந்ததைவிட மோசம் மற்றது. தொடைக்குள் கிணற்றுத் தண்ணீரின் சூடு இல்லாத இன்னொரு சூடு இறங்கியது. என்னால் நிறுத்த ஏலவில்லை. ஈரத்தரை என்பதால் வேறு யாரும் காணவில்லை. மணத்தில் அக்கா கண்டுகொண்டார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஏழாவது வாளியை என் இடுப்பில் வார்த்தார். கழுவி விட்டாரா, நேர்த்தியை முடித்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

பிறகுதான் அந்தக் கதிரை. மொட்டையடித்த நான்கு பேர், தங்கள் கடமையை விட்டுவிட்டு வந்து, என்னைத் தூக்கி மரத்தடியில் வைத்தார்கள். நல்ல மனிதர்கள். அவர்களை வெறுக்க எனக்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் வெறுத்தேன். ஓட்டோக்காரனிடம் குளிர்த் தண்ணீர் கேட்டேன். அக்கா தடுத்தார். "சுடுதண்ணி வார்த்த உடம்பிலை ஐஸ் படக்கூடாது, ஜன்னி வரும்" என்றார். நான் வாயைத் திறந்து அக்காவுக்கு இதுவரை சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னேன். ஓட்டோக்காரன் ஓடிப்போய் இரண்டு போத்தல் வாங்கி வந்தான். ஒன்றைக் கழுத்திலும் ஒன்றை அக்குளிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடி இருந்தேன். முக்கால் மணித்தியாலத்தில் பெருவிரல் அசைந்தது. பிறகு கணுக்கால். பிறகு தடியை ஊன்றி எழும்பி, தனியாக நடந்து ஓட்டோவில் ஏறினேன்.

அக்கா இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். "பாத்தியே? ஏழு கிணத்துத் தண்ணியும் இறங்கி இப்பதான் வேலை செய்யுது."

ஓட்டோக்காரனும் ஓம் என்று தலையாட்டினான். என் மடியில் இரண்டு குளிர்ப் போத்தலும் கிடந்தன. அவற்றை யாரும் பார்க்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்த பிறகு கோயில் வாசலில் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி என் முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எந்தக் கிணறு, எத்தனை வாளி என்று அக்காவிடம் விபரம் கேட்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மறுத்தால் அங்கே என்ன நடந்தது என்று முழுவதும் சொல்ல வேண்டும். விழுந்ததைச் சொல்வேன். மற்றதை எப்படிச் சொல்வது? ஆகவே பேசாமல் இருந்தேன். ஆறு கிழமைக் கதிரையையும் தண்ணீர்த் தொட்டியையும் மான் பீ மிதித்த நடையையும் ஏழு வாளி தண்ணீருக்குத் தாரை வார்த்துக் கொடுத்தது என்னுடைய வாய்தான். வாயைத் திறக்காமலே கொடுத்தேன்.

திங்கட்கிழமை விடிய எழும்பினேன். குசினியில் வெளிச்சம். அக்கா ஒரு பெரிய பிளாஸ்டிக் கானிலிருந்து தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்திருந்தார். ஓட்டோக்காரனைக் கொண்டு கன்னியாத் தண்ணீர் எடுப்பித்திருக்கிறார். வருகிற வழியிலேயே அது ஆறிப்போய்விட்டது. ஆறிப்போன வெந்நீரைக் காஸ் அடுப்பில் திரும்பச் சுட வைக்கிறார்.

"வா பிள்ளை. ஒரு ஏழு கோப்பை வார்த்திட்டுப் போனா பறந்து ஏறுவாய்."

"அக்கா, அந்தத் தண்ணிதான் என்னை விழுத்தினது."

"அந்தத் தண்ணிதான் உன்னை எழுப்பினது."

"எழுப்பினது ஐஸ் போத்தல். எழும்பினது ஆறு கிழமை செய்த காலாலை. அங்கை நான் மூத்திரம் பெய்தனான், அக்கா. நீங்கள் கண்டனீங்கள். இண்டைக்கும் வார்த்தா, அந்தப் படியிலை பெரியவருக்கு முன்னாலை பெய்வன். அதுதான் வேணுமெண்டா வாருங்கோ."

அக்காவின் முகம் சுருங்கியது. "உனக்கு நன்றி கெட்ட வாய்" என்றார். நான் கைத்துணியால் பிடித்து அந்தச் சட்டியைத் தூக்கித் தொட்டிக்குள் கவிழ்த்தேன். ஆவி என் முகத்தில் அடித்தது. பிறகு தொட்டிப் பைப்பைத் திறந்து பச்சைத்தண்ணீரில் தலையை நனைத்தேன். நான் வெளிக்கிட்டபோது அக்கா விறாந்தைக் கதிரையில் மற்றப் பக்கம் திரும்பி இருந்தார். வழியனுப்பவில்லை. என் ஈரத்துவாயை அவசரத்தில் குசினியிலேயே விட்டுவிட்டு வந்ததைப் பாதி வழியில்தான் உணர்ந்தேன்.

கந்தோர்ப் படிகள் இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் கழுவப்பட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கைபிடியைப் பிடித்தேன், கை ஒட்டியது. எத்தனை பேருடைய வேர்வையோ. கைபிடியின் அடிப்பக்கம் வெற்றிலை போடுகிறவர்கள் விரல் துடைத்த சுண்ணாம்பு, பொருக்குப் பொருக்காக. படி திரும்புகிற முடக்கில் சிவப்புத் துப்பல் சுவரின் பாதி வரை. மற்ற நாளென்றால் தொட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு அதைத் தாயின் கையைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். நல்ல கால், வருத்தக் கால். நல்ல கால், வருத்தக் கால். பன்னிரண்டில் நின்று மூச்சு வாங்கினேன். கதைக்க ஏலும், பாட ஏலாது. சரி. பதின்மூன்று.

பெரியவர் மேலே நின்றார், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு. நான் பத்தொன்பதில் கால் வைத்ததும், "சந்தோசம்" என்றார். உடனே, "இது காலமை. வெயில் ஏறினாப் பிறகு எப்பிடி? சாப்பிடவும் பாத்றூமுக்கும் கீழைதானே போக வேணும். மத்தியானம் ஒருக்கா இறங்கி ஏறுங்கோ. ஏறினீங்கள் எண்டா, நானே கையெழுத்து வைச்சு விடுறன்" என்றார். சட்டப்படி அவர் சொன்னது பிழையில்லை. சட்டத்துக்கு அவ்வளவு நல்ல கண் இருக்கிறது, நரம்பு பழுதானவளின் பலவீனத்தை நேரே பார்த்துக் கேட்க.

மேல்மாடிக் கூரை வெறும் தகரச் சீற். பதினொரு மணிக்கே அதன் சூடு இறங்கி எங்கள் தலையில் இருக்கும். ஃபான் சூட்டைக் கிளறியது. துறைமுகத்தில் நின்ற கப்பல் பன்னிரண்டு மணியளவில் இரண்டு கப்பலாகத் தெரிந்தது. நான் கண்ணைக் கசக்கவில்லை, கசக்கினால் பெரியவர் பார்ப்பார். பன்னிரண்டரைக்கு இறங்கினேன். வருத்தக் கால் முதல். இறங்கிவிட்டேன். ஆனால் கடைசிப் படியில் கால் துணியாகத் தொடங்கியிருந்தது. ஆறு கிழமை இங்கே முடிகிறது என்று நினைத்தேன்.

வாசல் வாங்குப் பலகையில் அக்கா இருந்தார். மடியில் சோற்றுப் பார்சல். என்னைப் பார்க்காமல் காவலாளியோடு கதைத்துக்கொண்டிருந்தார். காவலாளி என்னைக் கண்டு, "தங்கச்சி ஏறினவவாமே, எப்பிடி அம்மா இது?" என்று அக்காவைக் கேட்டார்.

"கன்னியாத் தண்ணி வார்த்தனாங்கள்" என்றார் அக்கா. "ஏழு கிணத்திலையும்."

சீ என்று போய்விட்டது. திறந்த வாயை நான் மூடுவதற்கு முதல் அக்கா பார்சலுக்கு அடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். உள்ளே என்னுடைய துவாய். கழுத்து அளவுக்கு வளைத்து வைத்து, பலகை மாதிரி உறைய வைத்தது. எழும்பி அதை என் பின்கழுத்தில் வைத்து இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தார். பிடித்துக்கொண்டே காவலாளிக்கு, நாலாவது கிணறுதான் சூடு கூட, பிள்ளை தாங்கினது பெரிய காரியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் முகத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுப் பழைய பிரிட்ஜில் ஒரு துவாய் அப்படி உறைய நாலு மணித்தியாலமாவது வேண்டும். காலையில் நான் வாசல் படலையைத் தாண்டியதுமே உள்ளே வைத்திருக்கிறார்.

இருபது நிமிடத்தில் காவலாளியின் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. சோறு சாப்பிட்டேன். மீன் இருந்தது, நேர்த்தி முடிந்துவிட்டது போலும். பிறகு துவாயைக் கழுத்திலேயே விட்டுவிட்டு, சுண்ணாம்புக் கைபிடியைப் பிடித்து, நல்ல காலை முதல் படியில் வைத்தேன். துவாய் உருகி முதுகுவழியாகத் தண்ணீர் இறங்கியது. பன்னிரண்டில் நின்றேன். பதினாறிலும் நின்றேன். பெரியவர் மேலே பேனாவோடு நின்றார். கீழேயிருந்து அக்கா ஒவ்வொரு படிக்கும் சத்தமாக எண்ணினார், செபம் சொல்கிற அதே இராகத்தில். பத்தொன்பது வரை கணக்கு ஒரு இடத்திலும் பிழைக்கவில்லை.